கணக்கில் இருபத்திநாலு

அந்தப் பையில இருக்கிறது லேப்டாப்தானே அக்கா? பார்த்ததும் நினைச்சேன். சாப்பாட்டுப் பையை மேலே தூக்கிப் போட்டுட்டு அதை மட்டும் மடியில வச்சிருக்கீங்களே. கம்பெனி வேலையா? அப்படின்னா எஃப் பன்னிரண்டு தெரியும். கீபோர்டுல மேல் வரிசையில ஓரமா இருக்குமே, அது. பிரௌசர்ல எந்தப் பக்கத்தைத் திறந்து வச்சு அதை அமுக்கினாலும் பக்கத்தோட வயிறு திறந்துக்கும். எந்த எழுத்து எங்கே இருக்கு, எந்தப் பெட்டிக்குள்ளே எந்தப் பெட்டி, எல்லாம் தெரியும்.

தெரியுமா? அப்பாடா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லணும். மெதுவாத்தான் சொல்வேன். மூணு வரிசை முன்னாடி, நீலச் சட்டை, தலை அப்படியும் இப்படியும் ஆடுதே, அது எங்கப்பா. சிவகாசியில ஏறினப்ப அவர் பக்கத்துலதான் இருந்தேன். மதுரையில கூட்டம் ஏறவும் கண்டக்டர் கலைச்சுப் போட்டுட்டார். "ஏம்மா பச்சைச் சுடிதாரு, அந்த அக்கா பக்கத்துல போய் உக்காரு! ஐயா, நீங்க முன்னாடி தள்ளி வாங்க! உள்ள போ உள்ள போ, திண்டுக்கல் தாண்டுனா பஸ்ஸே உனக்குத்தான்!"

எப்படி? கண்டக்டரோட அதே மூக்குதானே? அவருக்கு உள்ளே சதை வளர்ந்திருக்கு. மூக்கடைச்சவங்க வாயில 'ம' வராது, 'ப'வா விழும். 'ஏம்மா'ன்னு அவர் கூப்பிட்டது எனக்கு 'ஏப்பா'ன்னுதான் கேட்டது. நான் பண்ணினதுல அது விழுந்துதா? விழலையா? திருப்பிப் பண்றேன் அப்புறம்.

என் பேர் பேச்சிக்கனி. பேச்சியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டுப் பொறந்தவள். அம்மா சொல்லும், "பேரை வச்சதுதான் தப்பு. தூங்கும்போது மட்டுந்தான் இவ வாய் ஒருத்தி வாயா இருக்கு." அது எங்கம்மா குரல். கொஞ்சம் இழுக்கும், கடைசியில காத்து தீர்ந்துபோன மாதிரி விழும். சுலபம். கஷ்டமான குரல்னா அப்பாதான். ரெண்டு தடவை தொண்டையைச் செருமணும். ஹும். ஹும். அப்புறம் "ஆங், சொல்லுங்க." எதைச் சொன்னாலும் "விசயம் என்னன்னா"ன்னு ஆரம்பிக்கணும், "அவ்வளவுதான் விசயம்"னு முடிக்கணும். கழுத்தைக் குனிஞ்சு, தாடையை நெஞ்சுல அழுத்திக்கிட்டாத்தான் அந்தக் கட்டை வரும். மூணு மாசம் ஆச்சு எனக்கு.

எதுக்குக் கத்துக்கிட்டேன்னா, ஒன்பதாவதுல ஸ்கூல்ல அப்பா நம்பர் கேட்டாங்க. நான் என் நம்பரை எழுதிக் குடுத்துட்டேன். அம்மாவோட பழைய போன் அப்போதான் என் கைக்கு வந்திருந்தது. அன்னிக்கு முதல் ஸ்கூல்ல இருந்து யார் அப்பாவைக் கூப்பிட்டாலும் நான்தான் அப்பா. எஸ்தர் டீச்சர் கூப்பிடுவாங்க. எங்க கம்ப்யூட்டர் டீச்சர், பன்னெண்டாவதுல க்ளாஸ் டீச்சரும் அவங்கதான். "சார், பேச்சிக்கனி பிரேயர்ல ஹெச்.எம். மாதிரியே பேசி மொத்த ஸ்கூலையும் உக்கார வச்சிட்டா. நீங்க கொஞ்சம் கேளுங்க, என்ன?" டீச்சருக்கு எல்லாமே 'என்ன'வுலதான் முடியும். நான் மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு, "ஆங், சொல்லுங்க டீச்சர். விசயம் என்னன்னா, வீட்டுலயும் இப்பிடித்தான். நான் கண்டிச்சு வைக்கேன் டீச்சர். அவ்வளவுதான் விசயம்." டீச்சர் சொல்வாங்க, "உங்கள மாதிரி தன்மையா பேசுற பேரண்ட் கிடையாது சார், என்ன?"

சிரிக்கலாம் அக்கா. அவர் முழிக்க மாட்டார். பஸ்ல உட்கார்ந்தா அவருக்கு அப்படித்தான். எழுந்திரிச்சா மிஷின், உட்கார்ந்தா தூக்கம். காலண்டர் அச்சாபீஸ்ல இருக்கார். நாள்காட்டித் தாளெல்லாம் அவர் கண்ணுல பட்டுத்தான் வெளியே போகும். ராகுகாலத்துல ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் மிஷினை நிறுத்திடுவார்.

அவரை ஒரு தடவை நல்லா ஏமாத்தினேன். வீட்டு லேப்டாப்ல பேப்பர்க்காரங்க வெப்சைட்டைத் திறந்து, எஃப் பன்னிரண்டு போட்டு, தலைப்பை அழிச்சுட்டு எழுதினேன்: 'அடுத்த ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.' கீழே ரெண்டு வரி செய்தியும் எழுதி, "அப்பா இங்க பாருங்க"ன்னேன். அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னவர் அப்படியே நின்னுட்டார். "ஏத்தா, எட்டு லட்சம் தாள் ஓட்டியாச்சே! ஓனருக்குத் தெரியுமா?" போனைத் தேடறார், கண்ணாடியைத் தேடறார். நான் ரெஃப்ரெஷ் அமுக்கினேன். ஞாயிறு திரும்பி வந்துடுச்சு. எப்படின்னு செஞ்சும் காட்டினேன். நாம மாத்தறது நம்ம கண்ணு முன்னாடி இருக்கிற இந்தத் திரையில மட்டும்தான், நிஜப் பக்கம் எங்கேயோ பத்திரமா இருக்குன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ இது தண்ணியில எழுதுறது. இதுல வர்ற எதையும் நம்பக்கூடாது. அவ்வளவுதான் விசயம்."

பாதியைத்தான் புரிஞ்சுக்கிட்டார்.

அதைவிடப் பெரிசு ஜனவரியில பண்ணினது. எதிர்வீட்டு அத்தை போனை வாங்கி, அவங்க மாடிப்படியில உட்கார்ந்து, எஸ்தர் டீச்சர் குரல்ல அப்பாவைக் கூப்பிட்டேன். "சார், உங்க பொண்ணு ஸ்டேட் லெவல் கம்ப்யூட்டர் போட்டியில ஃபர்ஸ்ட் சார். கவர்னர் கையால சர்டிபிகேட்டு. குடும்பத்தோட வரணும், என்ன?" படியில இருந்து எங்க வீட்டு உள்பக்கம் தெரியும். உட்கார்ந்திருந்தவர் எழுந்துட்டார் அக்கா. போன்ல பேசறதுக்கு, வீட்டுக்குள்ளே, ஆள் யாரும் இல்லாதப்ப, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு நிக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, துப்பட்டாவைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சாயங்காலமே சொல்லிடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ளே அச்சாபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டார். ஓனர் சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கார், பெரிசா அச்சடிச்சு மாட்டலாம்னு. மறுநாள் "அப்பா, அது நான்தான்"னு டீச்சர் குரல்லயே சொன்னேன். சிரிச்சார்னுதான் நினைக்கிறேன். அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது. அதுவரைக்கும் ஸ்கூல் மீட்டிங்னா வந்து கடைசி வரிசையில உட்கார்ந்துட்டுப் போயிடுவார், அதுக்கப்புறம் அதுக்கும் வரலை. யாராவது புது நம்பர்ல கூப்பிட்டா, "பேச்சியா?"ன்னு முதல்ல கேப்பார். பாங்குல இருந்து கூப்பிட்டவங்களையே கேட்டார். எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

நான் எங்கே விட்டேன்? எஃப் பன்னிரண்டு.

அதைச் சொல்லிக் குடுத்ததே எஸ்தர் டீச்சர்தான். ஏமாத்தறதுக்கு இல்லை. ஒரு பக்கம் தப்பாத் தெரிஞ்சா, பொத்தான் வேலை செய்யலைன்னா, எங்கே தப்புன்னு தேடறதுக்கு. எங்க ஸ்கூலுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதுல 'தொடர்புக்கு'ன்னு ஒரு பொத்தான். பளபளன்னு இருக்கும், அமுக்கினா ஒண்ணும் நடக்காது. செஞ்சு குடுத்த கம்பெனியைக் கூப்பிட்டா எடுக்கிறதில்லை. டீச்சர் ரெண்டு நாள் பொத்தானையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மூணாவது நாள் நான் போய் வயிற்றைத் திறந்தேன். பொத்தான் நல்லாத்தான் இருந்தது அக்கா. மேலே ஓடிக்கிட்டிருந்த 'அட்மிஷன் நடைபெறுகிறது' வரிக்கு ஒரு பெட்டி போட்டிருக்காங்க. அந்தப் பெட்டியோட உயரம் தப்பு. கீழே வரைக்கும் தொங்குது. நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி. கண்ணுக்குத் தெரியாம பொத்தான் மேலே படுத்துக்கிட்டு, அமுக்கறதை எல்லாம் அதுவே வாங்கிக்கிடுது. உயரத்தைக் குறைச்சேன். பொத்தான் திறந்துக்கிச்சு.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து என்னை அதுல உட்காரச் சொன்னாங்க. அப்புறம் 'என்ன' போடாம சொன்னாங்க, "நீ இதைத்தான் படிக்கணும்."

யாரையும் ஏமாத்தாம எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தது அன்னிக்குத்தான். யார் குரல்லயும் அதைப் பண்ண முடியலை.

ரிசல்ட் வந்தது பத்தொன்பது நாளைக்கு முன்னாடி. ஐநூத்தி எழுபத்தொண்ணு. அறுநூறுக்கு. ஆமா, நல்ல மார்க்குதான். கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தெட்டு, கணக்குல தொண்ணூத்திநாலு. காலையில பக்கம் திறந்ததும் நான் பார்த்தது மார்க்கை இல்லை. கணக்குல முதல் எழுத்து ஒன்பது. அதை ரெண்டாக்கினா எப்படி இருக்கும்னுதான் பார்த்தேன். கை தானாப் போகுது, என்ன செய்ய?

ரெண்டாக்கினேன். இருபத்திநாலு. அது மட்டும் போதாது. அப்பா அச்சாபீஸ்க்காரர், கூட்டிப் பார்ப்பார். எழுபதைக் கழிச்சு மொத்தத்தை ஐநூத்தி ஒண்ணாக்கினேன். 'தேர்ச்சி'யை எடுத்துட்டுத் 'தேர்ச்சி இல்லை' போட்டேன். அந்த எழுத்தைச் சிவப்பாக்கினேன். சுத்தமான வேலை. அப்புறம் போன்ல ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, அடுப்படி வாசல்ல அலமாரியில புளி டப்பாவுக்குப் பின்னாடி வச்சேன். ரெண்டு பேர் கத்தறதும் விழணும்னு. எல்லாம் ஒத்திகை பார்த்து வச்சிருந்தேன். அம்மா, "அடி பாவி, டியூசனுக்கு அனுப்பி அனுப்பிக் கால் தேஞ்சதே!" அப்பா, "விசயம் என்னன்னா, இவளுக்கு வாய்தான் பரீட்சை எழுதியிருக்கு!" அவங்க உச்சத்துக்குப் போறப்ப ரெஃப்ரெஷ். காமெடியில நேரம்தானே எல்லாம்?

லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். விரலால கூட்டினார். நான் சொன்னேன்ல? சரியா வந்தது. அம்மா என் தலையில கை வச்சு, "சரி விடு"ன்னுச்சு. அவ்வளவுதான். அப்பா, "சாப்பிட்டியா?"ன்னார். திட்டவே இல்லை. ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போயிட்டாங்க. நான் ரெஃப்ரெஷ் மேலே விரலை வச்சுக்கிட்டே நிக்கிறேன். உச்சமே வரலைன்னா எந்த இடத்துல அமுக்கறது? சரி, மத்தியானம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். தோசை சாப்பிட்டேன்.

அப்போதான் டீச்சர் கூப்பிட்டாங்க. போனைப் புளி டப்பாவுக்குப் பின்னாடியிருந்து எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடினேன். "சார்! கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தெட்டு சார்! ஸ்கூல் செகண்டு! நீங்க எவ்ளோ பெருமைப்படணும் தெரியுமா, என்ன?" நான் கழுத்தைக் குனிஞ்சுக்கிட்டேன். ஹும். ஹும். "ஆங், ரொம்ப சந்தோசம் டீச்சர். விசயம் என்னன்னா, எம் பொண்ணு கெட்டிக்காரின்னு எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்." அன்னிக்கு அந்தக் குரல் எனக்கு வந்த மாதிரி என்னிக்கும் வந்ததில்லை. டீச்சர் வச்சதுக்கப்புறமும் போனைக் காதுலயே வச்சிருந்தேன் கொஞ்ச நேரம்.

மத்தியானம் ரெக்கார்டிங்கைப் போட்டேன், சிரிக்கிறதுக்கு ஏதாவது இருக்கான்னு. டீச்சர் கூப்பிட்டதும் தானா நின்னிருக்கு, பதினாலு நிமிஷம், பன்னெண்டு செகண்டு. முதல் ஒரு நிமிஷம் நான் சொன்னதெல்லாம் இருக்கு. அப்புறம் ரெண்டு பேரும் அடுப்படிக்குள்ளே வர்ற சத்தம். அம்மா குழாயைத் திறக்குது. அப்பா மூச்சு விடறார், நீளமா. கவலைப்பட்டு விடறார்னு நினைச்சேன் அக்கா. மறுபடி போட்டுக் கேட்டேன். அது அந்த மூச்சு இல்லை. பேப்பர்க் கட்டைத் தோள்ல இருந்து இறக்கி வச்சதும் விடுவாரே, அது. அம்மா கேக்குது, "என்னங்க?" அவர் சொல்றார். அதே குரல்ல பண்ணிக் காட்டட்டுமா? கேளுங்க.

"இதுவும் நல்லதுக்குத்தான். கோயமுத்தூரு காலேஜு, ஆஸ்டலுன்னு வந்து நின்னான்னா, நாமளா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லணும். அந்தப் பாவம் இல்லாமப் போச்சு."

அம்மா, "ஆமா"ன்னுச்சு. குழாயை மூடுச்சு.

அவ்வளவுதான் விசயம்.

அதை எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு இல்லை. குரல் கத்துக்கணும்னா அப்படித்தான் கேக்கணும், நிறுத்தி நிறுத்தி. பக்கத்துல தப்பு எங்கேன்னு தேடறப்பவும் அப்படித்தான், இல்லையா? ஒரு வரியில நிறுத்தி வச்சு, அடுத்த வரிக்குப் போய், மறுபடி நிறுத்தி. எந்த வரி வரைக்கும் சரியா ஓடுது, எந்த வரியில உடையுதுன்னு. எனக்கு எங்கேயும் உடையலை. எல்லா வரியும் சரியாத்தான் ஓடுது. கோபமா பேசலை. சந்தோஷமாவும் இல்லை. ராகுகாலம் சரியா இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்றார்.

அழுகை வந்துதான்னு கேக்கிறீங்களா? வரலை. பல் பிடுங்க ஊசி போட்டா, வீட்டுக்கு வந்து கன்னத்தை நாமே கடிச்சுக்கிட்டு இருப்போம், ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். அது மாதிரி. எனக்கு இன்னும் ரத்தம் தெரியலை.

சொல்லாமலும் இல்லை. மூணாம் நாள் போன்ல நிஜப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். "அப்பா, அன்னிக்கு மாத்திட்டேன். இதுதான் நிஜம்." அவர் பார்த்தார். கூட்டக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமையையே அழிச்சவ நீ. போத்தா, போய்த் துணியை எடுத்து வை." அம்மா சிரிச்சுச்சு. "இந்த மூளையைக் கணக்குல காட்டியிருந்தா பாஸாகியிருப்பியே"ன்னுச்சு. துணைத் தேர்வு எழுதச் சொல்வாங்கன்னு பார்த்தேன். அதையும் யாரும் சொல்லலை. திருப்பூர்ல சித்திக்குக் குழந்தை பொறந்து நாப்பது நாளாச்சு. கூடமாட இருக்கணுமாம், இப்போ அங்கேதான் கொண்டுபோய் விடறார். "அப்புறமா ஏதாவது பாத்துக்கலாம்." அந்த 'ஏதாவது' எப்படி இருக்கும்னா, அம்மா, "ஏ... தாவது"ன்னு நடுவுல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரும்.

நிரூபிக்கலாம் அக்கா. எனக்குத் தெரியாதா? ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நிரூபிச்சேன்னு வைங்க. அப்புறம் அவர் வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லணும். அதை நான் நின்னு கேக்கணும். அப்பா குரல்ல எது வேணும்னாலும் பண்ணுவேன். தும்மல் பண்ணுவேன், குறட்டை பண்ணுவேன். அந்த ஒரு 'வேண்டாம்' மட்டும் பண்ணிப் பார்த்தேன். மாடியில நின்னு. தொண்டையைச் செருமற வரைக்கும் வருது. அதுக்கு மேலே வரலை. பயிற்சி பத்தலை போல.

அதனால இன்னும் அந்த வித்தையை முடிக்கலை, அவ்வளவுதான். நல்ல நேரம் வரட்டும்னு இருக்கேன்.

டீச்சர் சும்மா இருப்பாங்களா? கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் சொன்னாங்க. அந்தக் காலேஜோட விண்ணப்பப் பக்கத்துல போன வாரம் ஒரு கூத்து. யார் நிரப்பினாலும் 'சமர்ப்பி' பொத்தான் சாம்பல் நிறத்துலயே நிக்குது. எங்க க்ளாஸ்ல பதினொரு பேர் அழாத குறை. நான் வயிற்றைத் திறந்து, உள்ளே பிழை காட்டற சிவப்பு வரியைப் படிச்சேன். என்ன தெரியுமா? புள்ளி! நம்ம ஆளுங்க எல்லாரும் இனிஷியலுக்குப் புள்ளி வச்சுத்தானே எழுதுவோம்? எம் புள்ளி பேச்சிக்கனி. அந்தப் பக்கத்தைச் செஞ்சவனுக்குப் பேர்னா எழுத்து மட்டும்தான், புள்ளி வந்தா பேரே இல்லை. தப்புன்னும் சொல்லாது, சும்மா சாம்பலா நிக்கும். புள்ளியை எடுங்கடின்னேன். பதினொரு பேரும் அனுப்பிட்டாங்க. அப்பா பேரோட முதல் எழுத்துக்கு ஒரு புள்ளி, அதை எடுத்தாப் பொத்தான் திறந்துக்குது.

என்னோடதும் இந்தப் போன்ல நிரப்பித்தான் இருக்கு. பாருங்க, பொத்தான் பச்சையா இருக்கா? அமுக்கினா அப்பா நம்பருக்கு ஆறு எண் ஓ.டி.பி. வரும். அப்பா நம்பர் என் நம்பர்தான். யாரையும் கேக்க வேண்டியதில்லை. கடைசி நேரம் இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. இப்போ என்ன, நாலேகாலா? ஆனா எப்படி அமுக்கறது? அமுக்கினா இடம் கிடைக்கும். கிடைச்சா வந்து நிக்கணும், கோயமுத்தூரு காலேஜு, ஆஸ்டலுன்னு.

இப்போ கேக்கறேன். உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சது இதுதான்.

அந்த மாத்தின பக்கத்தை நான் மூடவே இல்லை அக்கா. வீட்டு லேப்டாப்ல அப்படியே திறந்திருக்கு, பத்தொன்பது நாளா. மேல் மூடியை மட்டும் சாத்தி வச்சிருக்கேன். ரொம்ப நாள் தொடாம விட்ட பக்கத்தைப் பிரௌசரே தூங்க வச்சுடுமாமே? மறுபடி யாராவது திறந்தா, பழசைத் தூக்கிப் போட்டுட்டு நிஜப் பக்கத்தைப் புதுசா எடுத்துட்டு வருமாமே? அப்படின்னா, எங்கம்மா அதைத் திறந்துச்சுன்னு வைங்க. நான் பக்கத்துலயே இல்லை. மாத்தறதுக்கு ஆளே இல்லை. அது தானாப் போய்த் தொண்ணூத்திநாலைக் கொண்டுவந்து காட்டும். அப்போ நம்பித்தானே ஆகணும்?

வருமா? நிஜமாவா? அப்போ நடக்கலாம்.

அம்மா லேப்டாப்பைத் தொடாது. அதுமேலே துணி போர்த்தி பீரோவுக்கு மேலே ஏத்தி, அதுமேலே பிளாஸ்டிக் பூச்சட்டி வச்சிருக்கு. இருந்தாலும் தூசி தட்ட எடுக்கலாம், இல்லையா? பொங்கலுக்கு எடுக்கும்.

இருங்க, போன். எஸ்தர் டீச்சர். இன்னிக்கு அஞ்சாவது தடவை. எடுக்கலைன்னா விட மாட்டாங்க. ஒரு நிமிஷம், கழுத்தைக் குனிஞ்சுக்கிறேன். சிரிச்சுடாதீங்க.

"ஹும். ஹும். ஆங், சொல்லுங்க டீச்சர்... ஆமா டீச்சர், அஞ்சு மணி, ஞாபகம் இருக்கு... விசயம் என்னன்னா, பஸ்ல இருக்கோம்... ஐயோ, எனக்கு என்ன டீச்சர் ஆட்சேபணை? எம் பொண்ணு எங்க போய்ப் படிச்சாலும் எனக்குச் சந்தோசந்தான். ஆஸ்டலா இருந்தா என்ன? நான் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன். காலண்டர் கொண்டாந்து அவ ரூம்ல மாட்டிட்டு... அது வேண்டாம்னு நான் என்னிக்காவது..."

அக்கா.

பஸ் எப்போ நின்னது? ரயில்வே கேட்டா? என்ஜினை நிறுத்திட்டாரா?

நீலச் சட்டை தலை ஆடலை. திரும்பிட்டார். பின்னாடி எங்கேன்னு தேடறார். தன் குரலைத் தானே கேட்டா யாரும் அப்படித்தான் தேடுவாங்க போல. பார்த்துட்டார். எழுந்துட்டார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வர்றார்.

"டீச்சர்... இல்ல டீச்சர், லைன் கட்டாகலை. டீச்சர், இது அப்பா இல்லை. நான். பேச்சிக்கனி... ஒன்பதாவதுல இருந்தே நான்தான் டீச்சர். அப்பா இப்போ இங்க நிக்கிறாங்க. ஒருதரம் அவங்ககிட்ட மார்க்கைச் சொல்லுங்க டீச்சர். குடுக்கறேன்."

"அப்பா, டீச்சர் பேசறாங்க. நான் இல்லப்பா. நான்தான் இங்க இருக்கேனே."

வாங்கிட்டார். காதுல வச்சுட்டார். சட்டையில மேல் பொத்தானைப் போடறார் பாருங்க அக்கா. போட்டுட்டு "பேச்சியா?"ன்னு கேக்கிறார், என்னை எதிர்ல வச்சுக்கிட்டே போனுக்குள்ளே கேக்கிறார். இப்போ என் வாயைப் பார்க்கிறார். டீச்சர் பேசப் பேச என் வாயையே பார்க்கிறார். அசையுதான்னு.

உங்ககிட்ட இதைச் சொல்லிக்கிட்டிருக்கேனே, அசையத்தானே செய்யும்? நான்தான் எப்படியோ பண்றேன்னு நினைச்சுப் போனைக் கீழே இறக்கிடுவார். டீச்சர் தொண்ணூத்திநாலைச் சொல்ற வரைக்குமாவது என் உதடு அசையக் கூடாது. மணி நாலு முப்பத்தஞ்சு. இனி நான் பேச மாட்டேன் அக்கா. நீங்களும் எதுவும் கேக்காதீங்க.

இதோ, மூடிட்டேன்.